நண்பனா, எதிரியா? கிட்டே போய்ப் பாருங்கள்!



இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடி நிற்கிறது. அதன் ஓர் இலையில் பூச்சி ஒன்று விறுவிறுவென்று ஓடுகிறது. கரிய உடம்பு. நடுநடுவே ஆரஞ்சுத் திட்டுகள். முதுகு முழுக்கச் சொரசொரவென்று முள். பக்கத்து இலையில் இன்னொரு பூச்சி. அரைக்கோளம் போன்ற குண்டு உடம்பு. செம்பழுப்பு நிறத்தில் கருப்புப் பொட்டு வைத்த அழகு வண்டு. இதில் எதை நசுக்குவீர்கள்? எதை விட்டுவைப்பீர்கள்?

"முள் பூச்சியை நசுக்குவேன், அழகு வண்டை விட்டுவிடுவேன்" என்று சொல்கிறீர்களா? அப்படியானால் இரண்டு விடைக்கும் பூஜ்யம்தான்! அந்த முள் பூச்சி, செடியைக் காக்கும் பொறிவண்டின் குழந்தை. அந்த அழகு வண்டோ, கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டாக இருக்கலாம்.

நாம் மட்டும் இல்லை, வயலில் நாற்பது வருடம் உழைத்த பெரியவர்கள்கூட இதில் ஏமாந்து போவது உண்டு. பூச்சிகள் அவ்வளவு சின்னவை. எட்ட நின்று பார்த்தால் எல்லாமே வெறும் புள்ளிதான். கிட்டே போய்ப் பார்த்தால்தான் முகம் தெரியும். அப்படிக் கிட்டே போய்ப் பார்க்க இப்போது ஓர் அருமையான வழி இருக்கிறது. அதன் பெயர் மேக்ரோ புகைப்படம்.

அது என்ன மேக்ரோ? தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் லென்ஸ் உண்டு. அதை வைத்துத்தான் புலி, யானையைப் படம் எடுக்கிறார்கள். மேக்ரோ அதற்கு நேர் எதிர். மிகச் சிறியதை மிக அருகில் சென்று, பெரிதாக எடுப்பது. ஐந்து மில்லிமீட்டர் வண்டின் பிம்பம், கேமராவுக்குள் விழும்போதும் அதே ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் அதுதான் முழுமையான மேக்ரோ படம். அதைத் திரையில் பெரிதாக்கினால், வண்டின் கால் நகம் வரை எண்ணலாம்!

இதற்குக் காடு, மலை என்று போக வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் சித்தையன்கோட்டை என்று ஓர் ஊர். கீழ்ப்பழனி மலையின் அடிவாரப் பக்கம். ஆத்தூர் காமராஜர் அணையும் அருகில்தான். நெல் வயலும் தென்னந்தோப்பும் உள்ள பூமி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் நான்கு கத்தரி, ஓர் அவரைப் பந்தல், ஒரு செம்பருத்தி இருந்தால் போதும். ஒரு மேக்ரோ புகைப்படக்காரருக்கு அது முதுமலைக் காட்டுக்குச் சமம். புலி அங்கேயும் உண்டு, நீளம்தான் அரை சென்டிமீட்டர்!

ஆமாம், பொறிவண்டு ஒரு குட்டிப் புலி. 'பொறி' என்றால் புள்ளி என்று பொருள். அது வேட்டையாடுவது அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியை. அவரைக் கொடியின் தளிரில் கடுகு தூவியது போல் மொய்த்துக் கிடக்குமே, அதுதான் அசுவினி.

"இத்தனூண்டு பூச்சி என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறீர்களா? சித்தையன்கோட்டையிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலையைக் கேளுங்கள், சொல்லும். அந்தக் கீழ்ப்பழனி மலையில் விளைவது விருப்பாட்சி மலைவாழை. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. ஒரு காலத்தில் மலைச்சரிவு முழுக்க நின்ற அந்த வாழையை முடிக்கொத்து நோய் வந்து பெரும் பகுதி அழித்தது. இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும்; குலை தள்ளாது. அந்த நோயின் வைரசை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சுமந்து போனது யார் தெரியுமா? வாழை அசுவினி! மலையளவு தோட்டத்தைக் கடுகளவு பூச்சி சாய்த்துவிட்டது. பொறிவண்டு மட்டும் வந்து அந்த நோயை நிறுத்திவிட முடியாதுதான். ஆனாலும் அசுவினியைத் தின்னும் ஒவ்வொரு வாயும் விவசாயிக்கு லாபம்தானே?

பொறிவண்டின் வாய் சாதாரண வாய் இல்லை. ஒரு வண்டு ஒரு நாளில் பல பத்து அசுவினிகளைத் தின்னும். அதன் குழந்தையான புழுவோ, வளர்ந்து முடிப்பதற்குள் சில நூறு அசுவினிகளை விழுங்கிவிடும். முள் முதுகோடு முதலைக் குட்டி போல ஓடுகிறதே, அது ஓடுவது இரை தேடித்தான். அதைத்தான் நாம் "ச்சீ" என்று நசுக்குகிறோம்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். செம்பருத்தியிலும் கொய்யாவிலும் வெள்ளையாக மாவு அப்பியது போல் மாவுப்பூச்சி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவும் அச்சு அசலாக அதே மாதிரி வெள்ளை மெழுகு நூலைப் போர்த்திக்கொண்டு திரியும்! ஆட்டு மந்தைக்குள் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் மாதிரி. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இது பெரிதாக இருக்கும், மெழுகு நூல்கள் நீளமாகத் தொங்கும், சுறுசுறுப்பாக நடக்கும். இந்த வண்டு 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. எந்தப் பூச்சியை ஒழிக்க வந்ததோ, அதை அது பெரிதாக அடக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவிலேயே தங்கிவிட்டது. இன்று மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த ஆய்வுக்கூடங்களில் வளர்த்துத் தோட்டங்களில் விடுகிறார்கள்.

வண்டைக் கப்பலில் கொண்டுவருவதா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு ஒரு முறை அதுதான் கைகொடுத்தது. அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போன்ற ஒரு வெள்ளைச் செதில் பூச்சி தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. மரங்களை வெட்டி எரித்துப் பார்த்தார்கள், தீரவில்லை. அந்தப் பூச்சியின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அப்படியானால் அதன் எதிரியும் அங்கேதானே இருக்க வேண்டும்? 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்ற பூச்சியியலாளர் அங்கே போனார். தேடிப் பிடித்து ஒரு சிவப்புப் பொறிவண்டை அனுப்பி வைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்த முதல் வண்டுகள் 129தான். கூடாரம் போட்டு மூடிய ஓர் ஆரஞ்சு மரத்தில் விட்டார்கள். அவை பெருகின, தோட்டம் தோட்டமாகப் பரவின. 1889 முடிவதற்குள் ஆரஞ்சுத் தோட்டங்கள் பிழைத்துவிட்டன.

அதே செதில் பூச்சி 1928இல் நம் நீலகிரியிலும் தலைகாட்டியது. இங்கேயும் அதே சிவப்பு வண்டைத்தான் வரவழைத்து விட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1940களில் கலிபோர்னியாவில் டி.டி.டி. என்ற புதிய மருந்தைத் தோட்டங்களில் தெளித்தார்கள். அது மற்றப் பூச்சிகளோடு சேர்த்துப் பொறிவண்டையும் கொன்றது. காவல்காரன் போனதும் திருடன் திரும்பி வந்தான். அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி கிளம்பிவிட்டது! மருந்தைக் குறைத்து, வண்டைத் திரும்ப விட்ட பிறகுதான் நிலைமை சரியானது.

செல்லங்களே, இந்தப் பாடம் அமெரிக்காவுக்கு மட்டும் இல்லை, நம் வீட்டுக் கொல்லைக்கும்தான். செடியில் ஏதோ ஊர்கிறது என்றதும் மருந்து டப்பாவைத் தேடுகிறோம். மருந்துக்கு நண்பன், எதிரி என்ற வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

சரி, பொறிவண்டையும் புள்ளி வண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? இரண்டும் ஒரே குடும்பம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. ஒருவர் காவல்காரர், மற்றவர் இலைத் திருடர். இங்கேதான் உங்கள் மேக்ரோ படம் சாட்சி சொல்லப் போகிறது.

முதலில் முதுகைப் பாருங்கள். அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு, புதிதாகப் பாலிஷ் போட்ட ஷூ போலப் பளபளக்கும். வானமும் உங்கள் தலையும்கூட அதில் தெரியும்! கத்தரியைத் தின்னும் புள்ளி வண்டின் முதுகு மங்கலாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் உடம்பெல்லாம் பூனை ரோமம் தெரியும். இறக்கைக்கு 14 வீதம் மொத்தம் 28 புள்ளிகள் வரை இருக்கலாம். புள்ளி குறைந்த வகையும் உண்டு. அதனால் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், பளபளப்பைப் பாருங்கள்.

அடுத்தது குழந்தைகள். காவல்காரரின் புழு கருப்பாக, நீண்ட கால்களோடு வேகமாக ஓடும். திருடரின் புழு மஞ்சளாக, கிளைவிட்ட முட்களோடு, இலையின் அடியில் மந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது சாட்சி இலை. புள்ளி வண்டு சுரண்டிய இடத்தில் பச்சையம் போய், ஏணிப்படி போலக் கோடு கோடாக நரம்பு மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட இலை கண்ணில் பட்டால், வண்டையும் புழுவையும் முட்டைக் கூட்டத்தையும் பெரியவர்கள் கையாலேயே பொறுக்கி அழித்துவிடலாம். நான்கு செடிக்கு மருந்து எதற்கு?

இனி, படம் எடுப்பது எப்படி என்று பார்ப்போம். விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்காதீர்கள்! வீட்டில் இருக்கும் செல்போன் போதும். சில போன்களில் மேக்ரோ வசதி இருக்கும். இல்லாவிட்டால், அறிவியல் ஆய்வகத்தில் உள்ள பூதக்கண்ணாடியையோ, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸையோ போன் கேமராவின் முன்னால் ஒட்டினாற்போல் பிடியுங்கள். இலையைப் பெரியதாகப் பார்ப்பீர்கள். போனும் இல்லையா? பூதக்கண்ணாடியும் ஒரு நோட்டும் பென்சிலும் போதும், பார்த்ததை வரையுங்கள். கண்தான் முதல் கேமரா.

நேரம் முக்கியம். வெயில் ஏறினால் வண்டு பறந்துவிடும். பொழுது விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளிர்ச்சியாக இருக்கும். வண்டும் சோம்பலாக உட்கார்ந்திருக்கும். இளவெயில் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். உங்கள் நிழல் வண்டின் மேல் விழக் கூடாது. நிழல் பட்டால் "ஆபத்து" என்று இலைக்கு அடியில் ஒளிந்துவிடும், அல்லது பொத்தென்று கீழே விழுந்துவிடும்.

நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் வெறும் முதுகுதான் வரும். மண்டியிட்டு, வண்டின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். முழங்கையை முட்டியில் ஊன்றினால் கை நடுங்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். மேக்ரோவில் தெளிவாக விழும் பகுதி ஒரு நூல் தடிமன்தான். கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கும், இறக்கை தெளிவாக இருந்தால் கண் மங்கும். அதனால் கண்ணைக் குறி வையுங்கள். காற்றில் செடி ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, துணி கிளிப்பால் தண்டை மெதுவாகப் பிடித்து நிறுத்தலாம். இருட்டான பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். இருபது படம் எடுத்தால் ஒன்று நன்றாக வரும். பெரிய புகைப்படக்காரர்களுக்கும் இதே கதைதான், சோர்ந்துவிடாதீர்கள்.

பொறுமையாக இருப்பவர்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. இலையில் கூட்டுப்புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் தினமும் காலையில் போய்ப் பாருங்கள். அது வெடித்து வெளியே வரும் வண்டு வெளிர் மஞ்சளாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கும்! சில மணி நேரத்தில்தான் நிறம் ஏறும். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெளியும். புள்ளியை எண்ணினால் வண்டின் வயது தெரியும் என்று யாராவது சொன்னால், இந்தப் படத்தைக் காட்டுங்கள். முட்டை வண்டாக மாற ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம்தான். காலாண்டு விடுமுறைக்குள் ஒரு முழு வாழ்க்கை வரலாற்றின் பெரும் பகுதியை எடுத்துவிடலாம்.

"நாங்கள் சின்னப் பிள்ளைகள். நாங்கள் எடுக்கும் படத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். இதைப் படியுங்கள். அமெரிக்காவில் ஒன்பது புள்ளிப் பொறிவண்டு என்று ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலம் 1989இல் அதைத் தன் மாநிலப் பூச்சி என்று அறிவித்தது. ஆனால் அந்த வண்டையே காணோம்! நாட்டின் கிழக்குப் பகுதியில் 14 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. 2006 அக்டோபரில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த ஓர் அக்காவும் தம்பியும் அதைக் கண்டுபிடித்தார்கள். அக்காவுக்கு வயது 11, தம்பிக்கு 10. பேராசிரியர்கள் தேடிக் கிடைக்காதது, உங்கள் வயதுப் பிள்ளைகள் குனிந்து பார்த்ததில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், "பொறிவண்டைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று நாடு முழுவதும் உள்ள குழந்தைகளைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வண்டு வேறு இடங்களிலும் உயிரோடு இருப்பது தெரிய வந்தது.

நம் ஊர்ப் படத்தையும் அப்படிப் பதிவு செய்யலாம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தோடு தேதியும் இடமும் போட்டால், பூச்சிகளை அறிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். இதை அப்பா, அம்மா அல்லது ஆசிரியர் மூலமாகத்தான் செய்ய வேண்டும். வீட்டு முகவரி போடக் கூடாது, ஊர்ப் பெயர் போதும்.

சில கட்டளைகள் உண்டு. நம் தாத்தா காலத்தில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்து வைத்து விளையாடினார்கள். நாம் வேண்டாமே! படத்துக்காக வண்டைப் பெட்டியில் அடைப்பது, அசையாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பது, பசை தடவுவது எல்லாம் பாவம். விரலால் அழுத்தினால் பொறிவண்டு தன் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சளாக, நாற்றமுள்ள திரவத்தைக் கசியவிடும். "என்னை விடு" என்று அது சொல்லும் மொழி அது. இலையைப் பறிக்காமல், இருக்கும் இடத்திலேயே எடுங்கள். பூதக்கண்ணாடியால் சூரியனைப் பார்க்கவே கூடாது. வெயிலைக் குவித்துப் பூச்சியைச் சுடுவதும் கூடாது. மருந்து அடித்த வயலுக்குள் போகாதீர்கள். புதருக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். கிணற்றுப் பக்கம் தனியாகப் போகவே வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கொல்லை இல்லாதவர்கள் மாடித் தொட்டி, பள்ளித் தோட்டம், தெருவோர எருக்கஞ்செடி எதையாவது தேர்ந்தெடுங்கள். எருக்கில் மஞ்சள் அசுவினி இருந்தால் பக்கத்தில் பொறிவண்டும் இருக்க வாய்ப்பு உண்டு. எடுத்த படத்தின் கீழே மூன்று வரி எழுதுங்கள்: எந்தச் செடி, என்ன செய்துகொண்டிருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள். இந்த மூன்று வரி இருந்தால்தான் படம் பாடமாகும்.

பிறகு அந்தப் படத்தை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். என்றைக்காவது அப்பாவோ தாத்தாவோ மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போது, "கொஞ்சம் பொறுங்க, முதலில் இது யாருன்னு பாருங்க" என்று உங்கள் படத்தை நீட்டுங்கள். முள் முதுகுக் குட்டி அசுவினியைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு படம் போதும். அவர் கை தானாகத் தாழும்.

எதையும் எட்ட நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பூச்சியானாலும் சரி, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புதுப் பையனானாலும் சரி. கிட்டே போங்கள், குனியுங்கள், பொறுமையாகப் பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்